அம்மாவைக் கண்டதும் ஏன் அழுகிறது குழந்தை?

ஜூன் மாதத் தொடக்கத்தில் பள்ளி வாசலில் கேட்கும் அழுகை நம் எல்லோருக்கும் பழகியது. அம்மாவின் கையை விட மனமில்லாமல் குழந்தை அழுகிறது என்பது யாருக்கும் புரியும். பெற்றோர் புரியாமல் தவிப்பது மாலை நேரத்து அழுகையைக் கண்டுதான். பகல் முழுவதும் அங்கன்வாடியில் விளையாடி, சாப்பிட்டு, தூங்கி எழுந்து, சிரித்த முகமாக இருந்த இரண்டு வயதுக் குழந்தை, அழைத்துப் போக வந்த அம்மாவைக் கண்டதும் உதட்டைப் பிதுக்கி ஓவென்று அழத் தொடங்குகிறது. சில குழந்தைகள் அம்மாவை அடிக்கவும் செய்கின்றன. இன்னும் சில, பார்த்தும் பாராதது போல முகத்தைத் திருப்பிக்கொள்கின்றன.

நான் பாபநாசம் பகுதியில் அரசு உயர்நிலைப் பள்ளியில் தமிழாசிரியை. எங்கள் பள்ளியை ஒட்டியே அங்கன்வாடி மையம் இருக்கிறது. எங்கள் மாணவிகளில் சிலர் மாலையில் தம்பி தங்கையை இடுப்பில் தூக்கிக்கொண்டுதான் வீட்டுக்குப் போவார்கள். இப்பகுதித் தாய்மார் பலர் பீடி சுற்றுகிறவர்கள். ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்பதுதான் கூலி. கை நின்றால் கூலியும் நிற்கும். பெற்றோர் கூட்டத்துக்கு வந்த ஒரு தாய், கூட்டம் முடிந்ததும் என்னிடம் தனியாகக் கேட்டார்: "டீச்சர், பகல் பூரா சிரிச்சிக்கிட்டுதான் இருந்தான்னு சொல்லுதாவ. என்னையக் கண்ட ஒடனே அழுவுதான், அடிக்கான். எம்மேல அவனுக்குப் பிரியம் இல்லையோ?"

மூத்த மகளின் மதிப்பெண்ணைப் பற்றிப் பேச வந்தவர் இளைய மகனைப் பற்றிக் கேட்ட கேள்வி இது. இதற்கான விடை உளவியலில் எழுபது ஆண்டுகளாக இருக்கிறது. நம்முடைய பிள்ளைத்தமிழ் மரபோ அதற்கும் பல நூற்றாண்டு முந்தையது. ஆனால் அந்தத் தாயின் கைக்கு அது போய்ச் சேரவில்லை. போய்ச் சேர்க்கக்கூடிய இடத்தில் நாம் இருக்கிறோம் என்பதால் இதை எழுதுகிறேன்.

பற்று மாதக் கணக்கில் வளர்கிறது

பிறந்த சில வாரங்களில் குழந்தையை யார் எடுத்து அணைத்தாலும் பெரும்பாலும் அடங்கிவிடும். மூன்று மாத அளவில் முகம் பார்த்துச் சிரிக்கிறது. அந்தச் சிரிப்பு ஏறத்தாழ எல்லோருக்கும் கிடைக்கும். ஆறேழு மாதத்துக்குப் பிறகுதான் பழகிய முகம், பழகாத முகம் என்ற வேறுபாடு அழுத்தமாகத் தெரியத் தொடங்குகிறது. எட்டு மாதக் குழந்தையை வெளியூர் உறவினர் ஆசையாகத் தூக்கினால் அது வீறிடுவது இதனால்தான்.

இதே காலத்தில் இன்னொரு திறனும் முளைக்கிறது. பி.எட். வகுப்பில் பியாஜேயின் பொருள் நிலைத்தன்மை பற்றிப் படித்தது நினைவிருக்கும். கிலுகிலுப்பையைத் துணிக்கு அடியில் மறைத்தால் ஐந்து மாதக் குழந்தை அதை விட்டுவிட்டு வேறு பக்கம் பார்க்கும். ஒன்பது, பத்து மாதக் குழந்தை துணியை விலக்கித் தேடும். கண்ணுக்குத் தெரியாவிட்டாலும் பொருள் எங்கோ இருக்கிறது என்று அதற்குத் தெரிந்துவிட்டது. கிலுகிலுப்பைக்குப் பொருந்துவது அம்மாவுக்கும் பொருந்தும். அம்மா கதவுக்கு அப்பால் போனாலும் அவள் எங்கோ இருக்கிறாள், ஆனால் என்னிடம் இல்லை என்ற அறிவு வருகிறது. பத்து மாதம் முதல் ஒன்றரை வயது வரை பிரிவழுகை உச்சத்தில் இருப்பதற்கு இவ்விரண்டும் சேர்வதே காரணம். அழும் குழந்தை அம்மாவை மனத்தில் வைத்திருக்கிறது. பெற்றோருக்கு நாம் முதலில் சொல்ல வேண்டியது இதுவே.

தமிழாசிரியையாகிய எனக்கு இந்த மாதக் கணக்கைப் படிக்கும்போது பிள்ளைத்தமிழ் நினைவுக்கு வராமல் இருக்காது. காப்பு, செங்கீரை, தால், சப்பாணி, முத்தம், வருகை, அம்புலி ஆகிய ஏழும் இருபாலுக்கும் பொது. ஆண்பால் பிள்ளைத்தமிழில் இவற்றோடு சிற்றில், சிறுபறை, சிறுதேர் சேரும். மூன்றாம் மாதம் தொடங்கி ஒன்றுவிட்ட மாதமாக இருபத்தொன்றாம் மாதம் வரை இப்பருவங்களுக்குக் கணக்குச் சொல்வது மரபு. அந்தக் கணக்கில் முத்தம் 11ஆம் மாதம். வருகை 13ஆம் மாதம். அம்புலி 15ஆம் மாதம்.

காப்புப் பருவத்திலும் தாலப் பருவத்திலும் பெரியவர்கள் குழந்தைக்குச் செய்கிறார்கள். தெய்வங்களைக் காக்க வேண்டுகிறார்கள், தாலாட்டுகிறார்கள். முத்தத்திலும் வருகையிலும் குழந்தை தர வேண்டும். முத்தம் தா, நடந்து என்னிடம் வா என்று கேட்கிறார்கள். குழந்தை தன் அன்பைத் தானே கொண்டுவந்து தரத் தொடங்கும் வயது ஓராண்டை ஒட்டியது என்பதை நம் புலவர்கள் கண்டிருக்கிறார்கள். ஒட்டக்கூத்தரின் குலோத்துங்கன் பிள்ளைத்தமிழ் 12ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. எங்கள் தாமிரபரணிக் கரையில் ஸ்ரீவைகுண்டத்தில் பிறந்த குமரகுருபரர் 17ஆம் நூற்றாண்டில் இவ்வகையில் இரண்டு நூல்கள் பாடினார். இவர்களுக்கும் முன்பே பெரியாழ்வார் ஓர் ஆணாக இருந்துகொண்டு யசோதையின் குரலில் கண்ணனைப் பாடியவர். குழந்தையின் அன்பைக் கண்டுகொள்வது தாய்க்கு மட்டும் உரிய வேலை என்று நம் மரபு நினைக்கவில்லை.

சிற்றில் பருவத்தையும் கவனியுங்கள். சிறுமியர் கட்டிய மணல் வீட்டை ஆண்குழந்தை காலால் அழிக்க வருகிறது. அழிக்காதே என்று அவர்கள் கெஞ்சுகிறார்கள். மரபுக் கணக்கில் இது 17ஆம் மாதம். முத்தம் தந்த அதே குழந்தை ஆறு மாதத்தில் உதைக்க வருகிறது. அதற்கும் ஒரு பருவம் ஒதுக்கிப் பாடியிருக்கிறார்கள்.

உகாண்டா கிராமங்களில் ஒரு பெண்

இந்தத் துறையில் இரண்டு பெயர்களை ஆசிரியர்கள் அறிந்திருப்பது நல்லது. ஒருவர் ஜான் பௌல்பி (1907-1990), ஆங்கில மனநல மருத்துவர். இரண்டாம் உலகப் போரால் வீடிழந்த குழந்தைகள் குறித்த அறிக்கையை உலக சுகாதார நிறுவனத்துக்காக 1951இல் எழுதியவர். குழந்தைக்கும் வளர்ப்பவருக்கும் இடையே உண்டாகும் பற்று, பாலுக்கும் சோற்றுக்கும் கைம்மாறாக வருவதன்று. தன்னைக் காப்பவரை விட்டு விலகாமல் இருப்பதற்காகக் குழந்தையிடம் இயல்பாகவே அமைந்தது என்பது அவருடைய கருத்து.

மற்றவர் மேரி எய்ன்ஸ்வொர்த் (1913-1999). இவர் 1954-55இல் உகாண்டாவில் கம்பாலாவைச் சுற்றியுள்ள கிராமங்களில் 26 குடும்பங்களுக்கு வீடு வீடாகச் சென்று, தாயும் குழந்தையும் இருக்கும் இடத்தில் உட்கார்ந்து பார்த்து எழுதினார். அந்த நூல் 1967இல் வெளிவந்தது. ஆய்வுக்கூடமும் கருவியும் இல்லாத அந்த ஆய்வில் அவர் பட்டியலிட்டவை மிக எளியவை: வேறொருவர் தூக்கியபோது அழுது, அம்மா வாங்கியதும் நிறுத்துவது, அம்மா எழுந்து போனால் தவழ்ந்து பின்னால் போவது, மடியில் முகம் புதைப்பது, அம்மாவை விட்டுப் போய் விளையாடிவிட்டு இடையிடையே திரும்பி வருவது, பயந்தால் அம்மாவிடம் ஓடுவது. அமெரிக்கக் குழந்தைகள் கட்டிப்பிடித்தும் முத்தமிட்டும் வரவேற்பதைப் போல உகாண்டாக் குழந்தைகள் செய்வதில்லை என்பதையும் அவர் கண்டார். அவை கைதட்டி வரவேற்றன. அன்பைக் காட்டும் முறை ஊருக்கு ஊர் மாறும். நம் வீட்டுக் குழந்தை தொலைக்காட்சி விளம்பரத்துக் குழந்தையைப் போல முத்தம் தரவில்லை என்று வருந்த வேண்டியதில்லை.

பின்னர் அமெரிக்காவில் பால்டிமோர் நகரில் எய்ன்ஸ்வொர்த் இன்னோர் ஆய்வு செய்தார். ஒரு வயதுக் குழந்தையும் தாயும் பழக்கமில்லாத ஓர் அறையில் இருப்பார்கள். புதியவர் ஒருவர் வருவார், தாய் சிறிது நேரம் வெளியே போவார், திரும்பி வருவார். மொத்தம் ஏறத்தாழ இருபது நிமிடம். தாய் போகும்போது குழந்தை அழுகிறதா என்பதைவிட, திரும்பி வரும்போது என்ன செய்கிறது என்பதுதான் அதிகம் சொல்லும் என்று அவர் கண்டறிந்தார். பற்று உறுதியாக இருந்த குழந்தைகளில் பல, தாயைக் கண்டதும் அழுதுகொண்டே அவரிடம் போயின. தூக்கச் சொல்லிக் கை நீட்டின. சற்று நேரத்தில் அடங்கி மீண்டும் விளையாடப் போயின.

எங்கள் பெற்றோர் கூட்டத்தில் கேட்கப்பட்ட கேள்விக்கு விடை இங்கே இருக்கிறது. பகலில் பழகாத இடத்தில், பல குழந்தைகளுக்கு நடுவே, அந்தப் பிஞ்சு தன்னைத் தாங்கிக்கொண்டிருந்தது. பொம்மையை இன்னொருவன் பிடுங்கினான், விழுந்தபோது வலித்தது, தூக்கம் பாதியில் கலைந்தது. இவற்றை யாரிடம் சொல்லும்? சொல்ல இன்னும் வார்த்தை வரவில்லை. யாரிடம் சொன்னால் கேட்கப்படும் என்று அதற்குத் தெரியுமோ அவரைக் கண்டதும் அழுகிறது. அழுத பிறகு மடியில் அடங்குகிறதா என்று மட்டும் தாய் கவனித்தால் போதும். அடங்கினால், அந்த மடி அதற்கு என்னவாக இருக்கிறது என்பது விளங்கிவிடும்.

அழாத குழந்தை

இங்கே ஆசிரியர்களும் அங்கன்வாடிப் பணியாளர்களும் குறிப்பாகக் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. அழாத குழந்தையை நாம் 'சமத்து' என்கிறோம்.

எய்ன்ஸ்வொர்த்தின் அறையில் சில குழந்தைகள் தாய் போனபோதும் அழவில்லை, வந்தபோதும் திரும்பிப் பார்க்கவில்லை. பொம்மையிலேயே கண்ணாக இருந்தன. இவற்றுக்குப் பற்றே இல்லையோ என்று தோன்றும். 1977இல் ஆலன் ஸ்ரூஃப், எவரெட் வாட்டர்ஸ் ஆகியோர் அத்தகைய குழந்தைகளின் இதயத்துடிப்பை அளந்து பார்த்தார்கள். வெளியே அமைதியாகத் தெரிந்தாலும் உள்ளே துடிப்பு கூடியிருந்தது. கலக்கம் இருந்தது; அதை வெளியே காட்டவில்லை, அவ்வளவுதான்.

இதற்கு முன்பே, 1952இல், ஜேம்ஸ் ராபர்ட்சன் என்பவர் லண்டனில் ஓர் ஆவணப்படம் எடுத்தார். சிறிய அறுவைச் சிகிச்சைக்காக எட்டு நாள் மருத்துவமனையில் இருந்த இரண்டு வயதுச் சிறுமியைப் பற்றியது அது. அக்காலத்தில் அங்கே பெற்றோர் குழந்தையுடன் தங்க முடியாது. பார்வை நேரமும் குறைவு. குழந்தைகள் இரண்டொரு நாளில் 'பழகிவிடுகிறார்கள்' என்றே மருத்துவர்களும் செவிலியர்களும் நம்பியிருந்தார்கள். அந்தச் சிறுமி பெரும்பாலும் அழவில்லை. அழுகையை அடக்க அவள் படும் பாடும், நாள் செல்லச் செல்ல அம்மாவிடமே ஒட்டாமல் போவதும் படத்தில் தெரிந்தன. பல மருத்துவர்கள் முதலில் இதை ஏற்கவில்லை. 1959இல் இங்கிலாந்தில் வந்த பிளாட் குழு அறிக்கை, குழந்தைகள் வார்டில் பெற்றோர் எப்போது வேண்டுமானாலும் வந்து பார்க்க அனுமதிக்க வேண்டும் என்று பரிந்துரைத்தது. நம் ஊர் அரசு மருத்துவமனையில் குழந்தையின் கட்டிலுக்கு அடியில் பாயை விரித்துப் படுத்துக்கொள்ளும் அம்மாவும் ஆச்சியும் எந்த அறிக்கைக்கும் காத்திருக்கவில்லை.

ஆகவே அழாத குழந்தையைப் பார்த்து நிம்மதி அடைந்துவிடாமல், அது சாப்பிடுகிறதா, விளையாட்டில் உண்மையிலேயே ஈடுபடுகிறதா, யாராவது ஒருவரிடமாவது போய் ஒட்டுகிறதா என்று பார்க்க வேண்டும்.

நாம் அடம் என்று நினைப்பவை

பற்றின் அடையாளங்கள் பல, வீட்டில் தொந்தரவாகவே தோன்றுகின்றன. பெற்றோரிடம் பேசும்போது நான் சொல்லும் சிலவற்றை இங்கே தருகிறேன்.

பின்னாலேயே வருவது. அடுப்படிக்குப் போனால் அடுப்படிக்கு, கொல்லைக்குப் போனால் கொல்லைக்கு. எங்கள் ஊர்ப் பக்கம் ஒரு கதை சொல்வார்கள். விக்கிரமசிங்கபுரத்து நமச்சிவாயக் கவிராயர் பாபநாசம் கோயிலுக்குப் போய்விட்டு இரவில் வெற்றிலை போட்டபடி பாடிக்கொண்டே வீடு திரும்புவாராம். அந்தப் பாட்டைக் கேட்க உலகம்மை அவர் அறியாமலே பின்னால் நடந்து வருவாளாம். மறுநாள் காலை அம்மனின் சேலையில் வெற்றிலை எச்சில் தெறித்த கறை இருந்ததாம். பிரியம் பின்னால் வரும். முன்னால் போகிறவருக்கு அது தெரியாமலும் இருக்கும் என்பதை இந்தக் கதையைவிட எளிதாக நான் விளக்கியதில்லை.

திரும்பிப் பார்ப்பது. பாபநாசநாதர் கோயில் பிரகாரத்தில் ஒன்றரை வயதுக் குழந்தையை இறக்கி விட்டுப் பாருங்கள். தத்தித் தத்திப் பத்தடி போகும். நின்று திரும்பி அம்மா இருக்கிறாளா என்று பார்க்கும். இன்னும் பத்தடி போகும். அம்மா தூணுக்குப் பின்னால் மறைந்தால் விளையாட்டு நின்றுவிடும். அம்மாவை ஓர் உறுதியான தளமாக வைத்துக்கொண்டுதான் குழந்தை உலகத்தைப் பார்க்கப் புறப்படுகிறது என்று எய்ன்ஸ்வொர்த் சொன்னது இதைத்தான். அம்மாவிடம் ஒட்டிக்கொள்வதும் அம்மாவை விட்டு ஓடுவதும் ஒரே பற்றின் இரண்டு முகங்கள்.

காட்டுவதும் கொடுப்பதும். கடித்த முறுக்கை அம்மாவின் வாயில் திணிப்பது. கூழாங்கல்லைக் கொண்டுவந்து கையில் வைப்பது. காக்கையையும் நிலாவையும் சுட்டிக் காட்டுவது. பீடித்தட்டை மடியில் வைத்துக்கொண்டிருக்கும் தாய்க்கு நாலாவது முறை கல்லைக் கொண்டுவந்தால் எரிச்சல்தான் வரும். ஆனால் ஏறத்தாழ ஒரு வயதில் குழந்தை தனக்கு வேண்டியதைக் கேட்பதற்காக மட்டும் கை நீட்டுவதில்லை. தான் கண்டதை நீயும் பார் என்பதற்காகவும் நீட்டத் தொடங்குகிறது. அம்புலிப் பருவம் 15ஆம் மாதம் என்பது இங்கே பொருந்தி வருகிறது. பேச்சு பிறப்பதும் இதிலிருந்துதான். 'ஆமா, காக்கா' என்று ஒரு சொல் பதில் சொன்னால் கை நிற்காது. குழந்தைக்கு அது போதும்.

பழைய சேலை. அம்மாவின் நைந்த பருத்திச் சேலையில் தூளி கட்டி வளர்ந்த குழந்தை, பெரிதான பிறகும் அந்தத் துணியின் ஒரு முனையைக் கையில் சுற்றிக்கொண்டுதான் தூங்கும். ஆங்கிலக் குழந்தை மருத்துவர் டொனால்டு வின்னிகாட் 1951இல் இத்தகைய பொருள்களைப் பற்றி எழுதினார். அம்மா அருகில் இல்லாத நேரத்தை, அம்மாவின் நினைவு தரும் ஒன்றைப் பிடித்துக்கொண்டு குழந்தை கடக்கிறது. அங்கன்வாடிக்கு அந்தத் துணியையும் கொண்டுவர விடலாம். அழுக்குத் துணி என்று பிடுங்குவதால் ஒரு நன்மையும் இல்லை.

வெளிநாட்டிலிருந்து வந்த அப்பா

எங்கள் பகுதியிலிருந்து கேரளத்துக்கும் வளைகுடா நாடுகளுக்கும் வேலைக்குப் போனவர்கள் பலர். ஓராண்டு, ஈராண்டு கழித்து அப்பா வருகிறார். கைப்பேசித் திரையில் தினமும் 'அப்பா' என்று சொன்ன குழந்தை, நேரில் கண்டதும் அலறிக்கொண்டு ஆச்சியின் பின்னால் ஒளிகிறது. அவர் மனம் உடைந்துபோகிறது. 'பெத்த அப்பனையே தெரியலையே' என்று நாலு பேர் சொல்லும்போது இன்னும் நோகிறது.

திரையில் கண்ட முகத்துக்கு வாசனை கிடையாது, உயரம் கிடையாது, தூக்கும் கை கிடையாது. நேரில் வந்து நிற்பவர் குழந்தைக்குப் புதியவர். அஞ்சுவது இயல்பான வளர்ச்சியே. அப்பா உடனே தூக்க முயலாமல் தரையில் உட்கார்ந்து, குழந்தை தானாக வரும்வரை காத்திருக்க வேண்டும். அம்மாவோ ஆச்சியோ அவரோடு சிரித்துப் பேசுவதைக் குழந்தை பார்க்க வேண்டும். தனக்கு நம்பிக்கையானவரின் முகத்தைப் பார்த்தே புதியவர் நல்லவரா என்று குழந்தை முடிவு செய்கிறது. குளிப்பாட்டுவது, சோறு ஊட்டுவது போன்ற அன்றாட வேலைகளில் அப்பா மெல்ல மெல்லச் சேர்ந்தால், விடுமுறை முடிவதற்குள் குழந்தை அவர் தோளில் இருக்கும்.

'ஆச்சியிடம்தான் போகிறான், என்னிடம் வரமாட்டேன் என்கிறான்' என்று வருந்தும் தாய்மாருக்கும் ஒன்று சொல்லலாம். 1964இல் ருடால்ஃப் ஷாஃபர், பெக்கி எமர்சன் ஆகியோர் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் 60 குழந்தைகளைத் தொடர்ந்து கவனித்தார்கள். ஒன்றரை வயதில் பெரும்பாலான குழந்தைகள் ஒருவருக்கு மேற்பட்டவரிடம் பற்று வைத்திருந்தன. யார் ஊட்டினார், யார் அதிக நேரம் உடன் இருந்தார் என்பதைவிட, குழந்தையின் குறிப்பறிந்து பதில் தந்தவர் யார் என்பதே முக்கியமாக இருந்தது. ஆச்சி, அத்தை, அக்கா என்று கை மாறி வளரும் நம் குழந்தைகளுக்கு இது நல்ல செய்தி. ஆச்சியிடம் கொண்ட பிரியம் அம்மாவின் பங்கிலிருந்து கழிக்கப்படுவதில்லை. வேலைக்குப் போகும் தாய்க்கும் இதில் ஆறுதல் உண்டு: இருக்கும் நேரத்தில் குறிப்பறிந்து பதில் தந்தால் போதும்.

ஆசிரியர்கள் செய்யக்கூடியவை

தமிழ்நாட்டில் 2019 ஜனவரியில் அரசு நடுநிலைப் பள்ளி வளாகங்களில் இருந்த 2,381 அங்கன்வாடி மையங்களில் எல்.கே.ஜி., யு.கே.ஜி. வகுப்புகள் தொடங்கப்பட்டன. சின்னஞ்சிறு குழந்தைகள் நம் வளாகத்துக்கே வந்துவிட்டார்கள். உலக சுகாதார நிறுவனமும் யுனிசெஃபும் 2018இல் வெளியிட்ட குழந்தை வளர்ப்புச் சட்டகம், உடல்நலம், ஊட்டச்சத்து, பாதுகாப்பு, தொடக்ககாலக் கற்றல் ஆகியவற்றுக்கு இணையாகக் குறிப்பறிந்து பதில் தரும் பராமரிப்பையும் வைத்தது. பெற்றோர் கூட்டங்களில் பத்து நிமிடம் ஒதுக்கி நாம் சொல்லக்கூடியவை:

1. சொல்லாமல் நழுவிப் போகாதீர்கள். குழந்தை பொம்மையில் கவனமாக இருக்கும்போது அம்மா மறைந்துவிட்டால் அன்றைய அழுகை குறையலாம். மறுநாள் முதல் குழந்தை பொம்மையைத் தொடாது. அம்மாவின் முந்தானையையே காவல் காக்கும். 'போயிட்டு வாரேன்' என்று முகம் பார்த்துச் சொல்லுங்கள். அழுதால் அழட்டும்.

2. நேரத்தைக் குழந்தையின் கணக்கில் சொல்லுங்கள். நாலு மணி என்பது அதற்குப் புரியாது. 'சோறு தின்னு, தூங்கி எந்திரிச்சதும் அம்மா வந்திருவேன்' என்றால் புரியும். சொன்னபடி வாருங்கள்.

3. மாலையில் முதல் பத்து நிமிடம் குழந்தைக்கு. கைப்பேசியும் பீடித்தட்டும் அடுப்பும் அதற்குப் பிறகு. அழுதால் 'ஏன் அழுத? யாரு அடிச்சா?' என்று விசாரணை வேண்டாம். மடியில் வைத்துக்கொண்டால் போதும்.

4. 'அம்மாவைப் பிடிக்குமா, அப்பாவைப் பிடிக்குமா?' என்று கேட்காதீர்கள். விருந்தினர் விளையாட்டாகக் கேட்பதுதான். ஆனால் இருவரில் ஒருவரை விட்டுக்கொடுக்கும்படி குழந்தையைக் கேட்கிறோம்.

5. 'உன்னைய விட்டுட்டுப் போயிருவேன்' என்று மிரட்டாதீர்கள். குழந்தைக்கு இதைவிடப் பெரிய அச்சம் இல்லை. 'டீச்சர்கிட்ட சொல்லிருவேன்' என்பதையும் கைவிடச் சொல்லுங்கள். பள்ளியில் கால் வைக்கும் முன்பே நம்மைப் பூச்சாண்டி ஆக்கிவிட்டால், முதல் வகுப்பில் அந்த அச்சத்தை நீக்கவே நமக்குப் பல வாரம் ஆகும்.

அங்கன்வாடியிலும் முதல் வகுப்பிலும் நாம் கடைப்பிடிக்க வேண்டியது ஒன்று: புதிதாக வரும் குழந்தைக்கு முதல் சில வாரங்களாவது ஒரே முகம் வரவேற்க வேண்டும். இன்று ஒருவர், நாளை ஒருவர் என்று மாறினால் யாரைப் பற்றிக்கொள்வது என்று குழந்தைக்குத் தெரியாது.

ஓர் எச்சரிக்கை

உளவியலாளர் செய்யும் வகைப்பாட்டை நாம் செய்யக்கூடாது. ஒரு மாலை நேரத்தைப் பார்த்து 'இந்தக் குழந்தைக்கு அம்மாமேல் பற்றில்லை' என்று தீர்ப்புச் சொன்னால், அந்தத் தாயின் மனத்தில் அது பல ஆண்டு தங்கிவிடும். காய்ச்சல், பசி, புதுக் குழந்தை பிறந்த வீடு, இடம் மாறிய குடும்பம் எனக் காரணம் எதுவாகவும் இருக்கலாம்.

அதே நேரம், சிலவற்றைத் தள்ளிப்போடவும் கூடாது. ஒரு வயது நிறைந்தும் பெயர் சொல்லி அழைத்தால் திரும்பவில்லை, ஒன்றரை வயதாகியும் எதையும் சுட்டிக் காட்டுவதில்லை, முகம் பார்ப்பதில்லை, வீட்டாருக்கும் வெளியாருக்கும் வேறுபாடே காட்டுவதில்லை, பேசிய சொற்களை இழந்துவிட்டது என்றால், பள்ளிக்கும் அங்கன்வாடிக்கும் வரும் மருத்துவக் குழுவிடமோ ஆரம்ப சுகாதார நிலையத்திலோ காட்டச் சொல்ல வேண்டும். காது கேட்பதில் குறையா, வளர்ச்சியில் வேறு சிக்கலா என்று அவர்கள் பார்த்து, தேவைப்பட்டால் மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டுச் சேவை மையத்துக்கு அனுப்புவார்கள். இது தாய் வளர்த்த முறையால் வந்த குறை என்று யாரும் சொல்லிவிடாமல் பார்த்துக்கொள்வதும் நம் பொறுப்பு.

பாடத்தோடு சேர்த்து

பத்தாம் வகுப்புத் தமிழ்ப் பாடநூலில் குமரகுருபரரின் முத்துக்குமாரசாமி பிள்ளைத்தமிழிலிருந்து செங்கீரைப் பருவப் பாடல் இருக்கிறது. அணிநலமும் இலக்கணக் குறிப்பும் நடத்தி முடித்த பிறகு, நான் மாணவர்களுக்கு ஒரு செயல்பாடு தருவேன். வீட்டிலோ தெருவிலோ உள்ள இரண்டு வயதுக்கு உட்பட்ட ஒரு குழந்தையை ஒரு வாரம் கவனித்து எழுத வேண்டும்: எத்தனை மாதம், எந்தப் பருவம், யாரைக் கண்டால் கை நீட்டுகிறது, எதைக் கொண்டுவந்து யாரிடம் கொடுக்கிறது, அழுதால் யாரிடம் அடங்குகிறது. பையன்களும் கட்டாயம் எழுத வேண்டும். பருவங்களின் பெயர்கள் தேர்வுக்காக மனப்பாடம் செய்யாமலே நினைவில் நின்றுவிடுகின்றன.

இதில் இன்னொரு பயனும் உண்டு. பதினைந்து வயதில் தம்பியின் அழுகையைக் கவனித்து எழுதிய பெண்ணும் பையனும் இன்னும் பத்து ஆண்டுகளில் பெற்றோர் ஆவார்கள். மாலையில் வேலை முடிந்து வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போது உள்ளிருந்து ஓர் அழுகை கேட்டால், அது தங்களைத்தான் அழைக்கிறது என்று அவர்களுக்குத் தெரிந்திருக்கும்.